அமாவாசையன்று ஒரு சாண் பட்டு

கப்பல் இரண்டு நாள் முன்னதாகவே மதராஸ் போய்ச் சேரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தேன். வழியில் ஒரு துறைமுகத்தில் நிற்க இடமில்லையாம். அதனால் நேரே மதராஸ், அங்கே ஒரே ஒரு பகல், அப்புறம் பினாங்கு. பினாங்கு எனக்குச் சொந்த ஊர். அங்கே இரண்டு நாள் கூடுதலாக நிற்போம் என்றால் எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இருக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நான் படித்த கல்லூரியிலிருந்து சில மாணவர்கள் ஒரு பருவப் படிப்பைக் கப்பலிலேயே முடிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. காலையில் வகுப்பு, சாயங்காலம் கடல், துறைமுகம் வந்தால் ஊர் பார்ப்பது. உபகாரச் சம்பளத்தில் படித்த எனக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. கப்பல் பினாங்குக்கு வருகிறது என்று தெரிந்ததுமே அம்மா என் அக்கா கமலாவின் கல்யாணத்தை அந்த நாட்களிலேயே வைத்துவிட்டார். கூடவே ஒரு கடிதம்: "மதராஸில் இறங்கினால் காஞ்சிபுரம் போய் அக்காவின் முகூர்த்தப் புடவையை நீயே வாங்கிக்கொண்டு வா. ராஜம்மாளின் தம்பி நெய்துகொண்டிருக்கிறான். உன் தேதிக்கு முதல் நாள் தறியிலிருந்து அறுத்து வைப்பதாக எழுதியிருக்கிறான்." ராஜம்மா அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் தம்பிக்குத்தான் என் தேதி தெரியும். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முந்தி நான் போய் நின்றால் புடவை எங்கே இருக்கும்?

புடவைதானே, பினாங்கில் கிடைக்காதா என்று என் அறைத் தோழி லிண்டா கேட்டாள். கன்சாஸில் கோதுமை வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள். அவளுக்கு என் அம்மாவின் கதையைச் சொன்னேன். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் என் அம்மாவுக்குக் கல்யாணம். கட்டத் துணி இல்லை. கங்காணி வீட்டில் ஒரு பட்டுப்புடவை இரவல் வாங்கினார்கள். மறுநாள் விடிவதற்குள் துவைத்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பு. கல்யாணப் பெண் விடியற்காலையில் எழுந்து, கட்டிய புடவையை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "என் பெண்கள் இரவல் புடவையில் மணவறை ஏறக்கூடாது" என்பதுதான் அம்மாவின் ஒரே பிடிவாதம். மற்ற எதற்கும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

லிண்டா, "வா, தந்தி அடிக்கலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். கப்பலிலிருந்தே ராஜம்மா அக்காவின் தம்பிக்குத் தந்தி கொடுத்தோம்.

மதராஸ் துறைமுகத்தில் காலை ஏழு மணிக்கு இறங்கினேன். நான் அதுவரை இந்தியாவை மிதித்ததே இல்லை. பினாங்கில் தமிழ் என்றால் வீட்டில், கோயிலில், எங்கள் பள்ளிக்கூடத்தில். தெருவில் இறங்கினால் வேறு மூன்று பாஷை. இங்கே பாரந்தூக்கியின் மேல் உட்கார்ந்திருந்தவன் கீழே நின்றவனைத் தமிழில் திட்டினான். போலீஸ்காரர் தமிழில் அதட்டினார். ஒரு கிழவர் தெரு நாயை "போ கழுதை" என்று தமிழில் விரட்டினார், நாயும் புரிந்துகொண்டு போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைப் பலகைகளை ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். "உனக்கு ஜுரமா?" என்று லிண்டா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கல்லூரியின் பேருந்து எங்களைக் காஞ்சிபுரம் கொண்டுபோயிற்று. சரியாக மூன்றரை மணிக்கு ஏகாம்பரநாதர் கோயில் வாசலிலிருந்து கிளம்பும், ஒரு நிமிஷமும் காத்திருக்காது என்று பேராசிரியர் இரண்டு முறை சொன்னார். கப்பல் சாயங்காலம் ஏழு மணிக்கு. அவர் சொன்னால் சொன்னதுதான். முந்திய துறைமுகம் ஒன்றில் ஒரு பையனை விட்டுவிட்டு வந்த மனிதர். அவன் படகு பிடித்துக் கப்பலுக்கு வந்தான்.

கோயிலுக்குள் போனோம். பிரகாரத்தில் நின்று சுற்றிப் பார்த்தேன். தூண், அதற்குப் பின்னால் தூண், கண் போகும் மட்டும் தூண். பினாங்கில் எங்கள் கோயிலைச் சுற்றிவர ஐந்து நிமிஷம் போதும். இங்கே ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறுமூலைக்குக் கேட்காது. இதைக் கட்டியவர்களும் நான் அம்மாவிடம் சோறு கேட்கும் இதே பாஷையில்தான் "அந்தக் கல்லைத் தள்ளு" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. லிண்டா பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

அவள் பார்க்கும் நிலையிலும் இல்லை. அண்ணாந்தபடியே நின்றாள். "எங்கள் ஊரில் ஒரு கட்டடம் நூறு வருஷம் நின்றால் வேலி போட்டுப் பித்தளைத் தகடு மாட்டுவோம்" என்றாள். "இங்கே ஒரு பசுமாடு தூணில் முதுகைச் சொறிந்துகொள்கிறது."

குளக்கரையில் ஏகக் கூட்டம். ஆண்கள் ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. வாசலில் கோயில் இட்லி விற்றார்கள். மூங்கில் குடலையில் இலை சுற்றி வேகவைத்தது, என் முழங்கை நீளம், மிளகும் சுக்கும் மணக்க மணக்க. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விலாசச் சீட்டோடு நடந்தேன். லிண்டாவும் கூடவே வந்தாள்.

ராஜம்மா அக்கா அடிக்கடி சொல்வார், "எங்க தெருவுல தறிச் சத்தத்துல கொழந்தைங்க தூங்கும். சத்தம் நின்னாத்தான் முழிச்சுக்கினு அழும்" என்று. நான் அந்தச் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். தெருவுக்குள் நுழைந்தால் ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்கு வீடு கூரை ஓரத்தில் காக்கைக்கு வைத்த சோறு மட்டும் தெரிந்தது.

ராஜம்மா அக்காவின் தம்பி ஏகாம்பரத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, வெற்றிலை போட்ட வாய். நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது.

"இன்னாம்மா இது, நீ நாளான்னிக்குத்தானே வரணும்? ஒரு சாண் பாக்கி இருக்குதேம்மா!"

உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தறியைக் காட்டினார். தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யும் தறி. குங்குமமும் சந்தனமும் வைத்துப் பூச் சாத்தியிருந்தது. மாம்பழ மஞ்சளில் உடம்பு, அரக்குக் கரை, கரையில் ஜரிகையில் அன்னம். நெய்த வரைக்கும் சுருட்டி, முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் இழைகளாக நின்றது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்திருந்தது. லிண்டா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள், தெரியாத்தனமாகத் தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில்.

"ஒரு சாண்தானே அண்ணே? எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு பேரு உக்காந்தா மூணு மணி நேரம். ஆனா இன்னிக்கு அமாவாசைம்மா. தறியில உக்கார மாட்டோம். ஊருல எந்தத் தறியும் ஓடாது."

என் கோபம் எனக்கு முன்னால் பிறந்தது. "கடல் தாண்டி வந்திருக்கிறேன், ஒரு சாணுக்காக வெறுங்கையோடு போகச் சொல்கிறீர்களா? கல்யாணம் நின்றால் உங்கள் அமாவாசை வந்து தாலி கட்டுமா?" என்று கத்திவிட்டேன். அந்நிய வீட்டில், முதல் சந்திப்பில். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஏகாம்பரம் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி சரோஜா, நிறைமாதக் கர்ப்பிணி, இடுப்பில் கை வைத்தபடி உள்ளேயிருந்து வந்தார். "மொதல்ல ரெண்டு பேரும் உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம். கத்தினாப் பசிக்கும்" என்றார்.

சாப்பாடு தயார்தான். ஆனால் காக்கை வந்து எடுக்காமல் யாரும் இலையில் கை வைக்கக்கூடாது. அன்றைக்கு ஊர் முழுக்கச் சோறு. காக்கைகளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை போலிருக்கிறது, எங்கள் பக்கம் ஒன்றுகூட வரவில்லை. ஏகாம்பரம் கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். கடைசியில் லிண்டா விவரம் கேட்டுக்கொண்டு முற்றத்தில் போய் நின்று, கன்சாஸ் வயலில் கேட்கிற மாதிரி ஒரு "கா" போட்டாள். மூன்று காக்கைகள் வந்தன. "பாரேன், வெள்ளைக்காரி கூப்ட்டா வருது!" என்று சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புப் பாயசம். பாதியில் வாசலில் "தந்தி" என்று குரல். சரோஜாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "ஐயோ, யாருக்கு இன்னா ஆச்சோ!" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். நான் எச்சில் கையோடு ஓடி வாங்கிப் படித்தேன். இரண்டு நாள் முன்னதாக நான் வருகிறேன் என்று நான் கொடுத்த தந்தி. எனக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் அழுதேன்.

அழுகையோடு அழுகையாக அம்மாவின் இரவல் புடவைக் கதையும் வெளியே வந்துவிட்டது. சரோஜா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து புருஷன் முன்னால் நீட்டினார்.

"படி."

"இன்னாத்தைப் படிக்கிறது?"

"அமாவாசை பகல் பன்னெண்டே கால் வரைக்கும்னு போட்டிருக்குதா இல்லியா? இப்ப மணி இன்னா?"

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

"அதுக்கப்புறம் பாட்டிமைத் திதி பொறந்துடும்டி. அது மட்டும் நல்லதா?"

"புதுசாத் தொடங்குறவங்கதான் பாட்டிமை பாக்கணும். இது நீ போன மாசம் தொடங்கின வேலை. மிச்சத்தை முடிக்கிறதுக்கு யாரு நாள் பாக்குறாங்க?"

ஏகாம்பரம் காலண்டர்த் தாளை விரலால் தடவிப் படித்தார். "திதி முடிஞ்சாலும் தெருவுக்கு இன்னிக்கு அமாவாசைதான். ஒரு தறி ஓடினா ஊருக்கே கேக்கும்" என்றார். பிறகு இன்னொரு கஷ்டத்தையும் சொன்னார். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறிய வேண்டும். அதைச் செய்யும் மச்சினி, தறிக்கு லீவுதானே என்று மாகறல் கோயிலுக்குப் போய்விட்டாள். சரோஜாவால் இந்த வயிற்றோடு குனிய முடியாது.

"பக்கத்தில் யாருமே இல்லையா?" என்று கேட்டேன்.

சரோஜா குரலைத் தாழ்த்தினார். "எதிர்வூட்டு கோவிந்தம்மா இருக்குது. இந்தத் தெருவுலயே அது மாதிரி கை கிடையாது. ஆனா அதுக்கும் எங்களுக்கும் மூணு வருஷமாப் பேச்சு இல்ல. காலையில தெரு நீளத்துக்குப் பட்டு எழையைப் பாவு நீட்டிக்கினு இருந்தோம், அதுங்க ஆடு உள்ள பூந்து அத்தனை இழையும் போச்சு. இவரு ஏதோ சொல்ல, அது ஏதோ சொல்ல..."

பன்னிரண்டே கால் அடித்தது. ஏகாம்பரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா," என்று உரக்கச் சொன்னார். "திதி முடிஞ்சிடுச்சு. ஒரு கல்யாணப் பொடவை, ஒரு சாண் பாக்கி. பொண்ணு கப்பல்ல வந்திருக்குது, சாயங்காலம் போயிடும். நான் தறியில உக்காரப் போறேன். சத்தம் கேட்டா யாரும் தப்பா நெனைக்காதீங்க."

தெருவில் பத்துப் பதினைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எதிர்வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயது அம்மாள், தலை நிமிராமலே, யாரையோ பார்த்துச் சொல்வதுபோல், "கல்யாணப் பொடவைன்னா நெய்ய வேண்டியதுதானே, இதுக்கு இன்னாத்துக்குத் தண்டோரா?" என்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். ஏகாம்பரத்தைத் தாண்டி, எங்களைத் தாண்டி உள்ளே போய், தறியின் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

அதுதான் கோவிந்தம்மா.

ஏகாம்பரம் ஒரு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் குழியில் இறங்கினார். தறி ஓட ஆரம்பித்தது. இத்தனை நாள் நான் கேள்விப்பட்ட சத்தம். நாடா ஓடும் சரசரப்பு, பலகை வந்து அடிக்கும் டொக். அந்த அமைதியான தெருவில் ஒவ்வொரு டொக்கும் என் நெஞ்சில் விழுந்தது. இவர் உடம்பு நாடாவை எறிவார், அது கரை விளிம்பில் வந்து நிற்கும். அந்த அம்மாள் கரை நாடாவை எறிவார். மஞ்சள் இழையும் அரக்கு இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். ஒரு கை ஒரு நொடி பிந்தினால் கரை கோணிவிடும். மூன்று வருஷம் பேசாத இரண்டு பேரும் அன்றைக்கு ஒரு நொடிகூடப் பிந்தவில்லை.

ஆனால் பேச வேண்டிய இடங்கள் வந்தன. அப்போதுதான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. கோவிந்தம்மா என்னைப் பார்த்து, "ஏம்மா கப்பல் பொண்ணே, ஜரிகை தீரப்போவுது, வேற கண்டு எடுக்கச் சொல்லு" என்பார். ஏகாம்பரம் அவர் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். நான், "அண்ணே, வேற கண்டு வேணுமாம்" என்பேன். அவர், "மாடத்துல இருக்குதுன்னு சொல்லும்மா" என்பார். நான் திரும்பி, "மாடத்தில் இருக்கிறதாம்" என்பேன். அதற்குள் அந்த அம்மாள் எடுத்தே விட்டிருப்பார்.

"இவர்கள் இரண்டு பேருக்கும் வேறு வேறு பாஷையா?" என்று லிண்டா கேட்டாள். இல்லை, ஒரே பாஷைதான், சண்டை என்றேன். "புரிகிறது, என் சித்தப்பாக்களும் இப்படித்தான், ஒருவர் சொல்வதை இன்னொருவருக்கு நாங்கள்தான் தொலைபேசியில் சொல்கிறோம்" என்றாள்.

மணி இரண்டரை. நான்கு விரற்கடை மிச்சம். ஏகாம்பரம் பலகையை இழுக்கக் கையை ஓங்கினார்.

"டேய் ஏகாம்பரம், அடிக்காதே! எழை அறுந்துக்கினு இருக்குது!"

பலகை பாதியில் நின்றது. கரையில் ஓர் இழை சுருண்டு தொங்கியது. அடித்திருந்தால் அது உள்ளே சிக்கி அன்னத்தின் கழுத்து குலைந்திருக்கும். ஏகாம்பரம் மெதுவாக, "பாத்தேன்க்கா" என்றார்.

கோவிந்தம்மா விரல் நுனியில் எச்சில் தொட்டு இழையை முடிந்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ம், அடிக்கச் சொல்லு" என்றார். வெட்கம்தான். எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு இன்னும் இரண்டு விரற்கடை. பேருந்து மூன்றரைக்கு. கோயிலுக்கு இருபது நிமிஷ நடை. லிண்டா எழுந்தாள். "நான் போய்ப் பேருந்தைப் பிடித்து வைக்கிறேன்."

"அவர் நிற்க மாட்டார் லிண்டா."

"பார்க்கலாம்."

அவள் என்ன செய்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கோயில் வாசலில் விட்ட தன் செருப்பில் ஒன்றைக் காணோம் என்று ஆரம்பித்திருக்கிறாள். பாட்டி கொடுத்த செருப்பு, அது இல்லாமல் ஏற மாட்டேன் என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். பேராசிரியர் உள்பட எல்லோரும் ஆயிரம் ஜோடிகளுக்கு நடுவே குனிந்து தேடியிருக்கிறார்கள். செருப்பு அவள் பைக்குள் இருந்தது.

மூன்றரைக்குப் புடவை முடிந்தது. ஏகாம்பரம் கத்தியை எடுத்தவர், ஒரு நொடி யோசித்துக் கோவிந்தம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அறுத்தார். சரோஜா மடித்து, குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி என் கையில் வைத்தபோது அதன் கனத்தில் என் கை தாழ்ந்தது. நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன். ஏகாம்பரத்திடம், "காலையில் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள் அண்ணே" என்றேன். "தங்கச்சி கத்தாம வேற யாரு கத்துவாங்க" என்றார்.

கோவிந்தம்மா வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "நாளைக்குக் காலையில எனக்குப் பாவு நீட்டணும், ஒரு ஆளு கொறையுதுன்னு அவருகிட்ட சொல்லும்மா."

"நான் கப்பலுக்குப் போகிறேன்," என்றேன். "இனிமேல் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்."

ஓடினேன். தெருத் திரும்பும்போது அவர்கள் சிரிப்புச் சத்தம் பின்னால் கேட்டது. ஜட்கா ஒன்று கிடைத்தது, அதன் குதிரைக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. கோயில் வாசலில் என்னைக் கண்டதும் லிண்டா, "அட, இதோ இருக்கிறது!" என்று செருப்பை எடுத்தாள். பேராசிரியர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி நகத்தைக் கடித்தேன். ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது கப்பல் ஏணியில் கால் வைத்தோம்.

ஐந்தாம் நாள் பினாங்கு. அம்மா புடவையைப் பிரித்து, கையால் முழம் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிச் சாணில் விரல் நின்றது. "இங்கே கை மாறியிருக்கு" என்றார். எப்படித் தெரிந்ததோ. முழுக் கதையையும் சொன்னேன். அம்மா புடவையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கமலா அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என் கண்ணுக்கு அன்றைக்குப் புடவைதான் தெரிந்தது, மாப்பிள்ளை சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. கமலா மறுவீட்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து, குளித்து, மடித்த முகூர்த்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா செய்யறே?"

அம்மா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"மணி எட்டாச்சு பார். இன்னும் யாரும் கேட்டு வரல."